கணினி விளையாட்டின் கதை – 19: மிஸ்ட் வாங்கிய பாராட்டும் பழியும்

1994 டிசம்பர் 4ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எட்வர்ட் ராத்ஸ்டைன் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அப்போது அந்த நாளிதழின் தலைமை இசை விமர்சகர். ஓபரா, சிம்பொனி என்று எழுதிக்கொண்டிருந்தவர் அன்று எடுத்துக்கொண்டது கணினியில் ஆடும் ஒரு விளையாட்டை. படத்தையும் ஒலியையும் கதையையும் சேர்த்துப் பின்னி இதுவரை இல்லாத ஓர் அனுபவத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு இது அறிகுறி என்பது அவர் கட்சி. இதுவே கலை என்று அடித்துச் சொல்லவில்லை. இதிலிருந்து ஒரு புதுக் கலை கிளம்பக்கூடும் என்ற அளவோடு நின்றுகொண்டார்.

அதுவே அன்றைக்குப் பெரிய வார்த்தை. சரியாக ஓராண்டுக்கு முன்னால்தான், மார்ட்டல் காம்பாட், நைட் ட்ராப் போன்ற விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்திருந்தது. பொது நாளிதழில் வீடியோ கேம் என்றால் பெரும்பாலும் வியாபாரப் பக்கத்துச் செய்தி, அல்லது பெற்றோரின் கவலை. கலைப் பக்கத்துக்காரர் ஒருவர் வலிய வந்து பேசியதில் விளையாட்டு உலகத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே பாராட்டு கூடக் கூட, உள்ளே முணுமுணுப்பும் கூடியது என்பதுதான் இந்த வாரக் கதை.

விளையாட்டின் பெயர் மிஸ்ட். செய்தவர்கள் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற அண்ணன் தம்பி. தந்தை மதபோதகர். அண்ணன் டெக்சாஸில் ஒரு வங்கியில் புரோகிராமராக இருந்தவர். தம்பிக்கு ஓவியமும் இசையும் வரும். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகருக்குப் பக்கத்தில் சயான் என்ற சிறு நிறுவனத்தை நடத்தினார்கள். அதற்கு முன் அவர்கள் செய்ததெல்லாம் குழந்தைகளுக்கானவை: 1988இல் 'தி மேன்ஹோல்', அடுத்த ஆண்டு 'காஸ்மிக் ஆஸ்மோ'. இவற்றில் ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. கண்ட இடத்தில் க்ளிக் செய்தால் ஏதாவது நடக்கும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு ஒன்று செய்து தாருங்கள் என்று ஜப்பானின் சன்சாஃப்ட் நிறுவனம் பணத்தோடு வந்தது. கணினிப் பதிப்பை வெளியிட ப்ரோடர்பண்ட் முன்வந்தது. நம்மூர்க் கணினி மையங்களில் பாதிப் பேர் பாடத்தை விட்டுவிட்டு ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை வெளியிட்டதே, அதே ப்ரோடர்பண்ட்தான். 1993 செப்டம்பர் 24ஆம் தேதி மெக்கின்டாஷுக்கு மிஸ்ட் வந்தது. விண்டோஸ் பதிப்பு மறு ஆண்டு.

போன இரண்டு வாரம் சியரா, லூகாஸ்ஃபிலிம் நிறுவனங்களின் அட்வெஞ்சர் விளையாட்டுகளைப் பார்த்தோம். அவற்றில் நாயகன் உண்டு, வசனம் உண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொள்ளும் பை உண்டு. சியரா விளையாட்டில் கால் தவறினால் சாவும் உண்டு. மிஸ்ட்டில் இந்த நான்கும் கிடையாது. நட்சத்திரங்கள் சிதறிக்கிடக்கும் ஒரு பிளவுக்குள் யாரோ விழுகிறார். அவர் கையிலிருந்த புத்தகம் நம் முன்னால் வந்து விழுகிறது. திறந்தால் உள்ளே ஒரு பக்கத்தில் சின்னச் சன்னல்போல ஒரு படம் அசைகிறது. ஒரு தீவின் மேல் பறந்துபோகும் காட்சி. அதைத் தொட்டால் அந்தத் தீவின் படகுத்துறையில் நிற்கிறோம். நாம் யார், எதற்கு வந்தோம் என்று யாரும் சொல்வதில்லை. காற்றுச் சத்தம். பாதி மூழ்கிய ஒரு கப்பல். ஒரு விசை. இழுத்தால் எதுவும் நடப்பதில்லை, அல்லது நடந்தது நமக்குத் தெரிவதில்லை.

தீவின் நடுவில் ஒரு நூலகம். அதில் ஒரு சிவப்புப் புத்தகம், ஒரு நீலப் புத்தகம். சிவப்புக்குள் ஒருவன், நீலத்துக்குள் ஒருவன் சிறைப்பட்டிருக்கிறான். சிரஸ், அகினார் என்ற சகோதரர்கள். ஒழுங்காகப் படம் பிடிக்காத டிவியைப் போல முகம் இழுபட, உனக்கு எதிரி அவன்தான், அவனை நம்பாதே, என் புத்தகத்தின் மீதிப் பக்கங்களைக் கொண்டுவா என்று இருவரும் கெஞ்சுகிறார்கள். பக்கங்கள் கிடப்பதோ வேறு நான்கு உலகங்களில். அங்கே இந்தச் சகோதரர்கள் குடியிருந்த அறைகளுக்குள் நாம் நுழைகிறோம். ஒருவன் அறையில் பொன்னும் பட்டும் பகட்டு. மற்றவன் அறையில் வதைக் கருவிகள். இவன் பேராசைக்காரன், அவன் கொடூரன் என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. இழுப்பறையைத் திறந்து பார்த்தவருக்குத் தெரியும், பார்க்காதவருக்குத் தெரியாது.

வெளியிலிருந்து வந்த விமர்சகர்களைச் சாய்த்தது இதுதான். ராத்ஸ்டைனுக்கு நான்கு மாதம் முன்பே, 1994 ஆகஸ்ட் 'வயர்ட்' இதழில் ஜான் கரோல் எழுதியிருந்தார். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழில் நித்தம் எதையாவது பற்றி எழுதிக்கொண்டிருந்த பத்தி எழுத்தாளர் அவர். விளையாட்டு விமர்சனம் அவர் தொழில் அல்ல. மில்லர் சகோதரர்களை ஸ்போகேனிலேயே போய்ப் பார்த்து, நாவலாசிரியரையோ இயக்குநரையோ பற்றி எழுதும் மரியாதையோடு நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த மாத வயர்ட் இதழில் இன்னும் வேடிக்கை: திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 'காஸ்மாலஜி ஆஃப் கியோட்டோ' என்ற ஜப்பானிய விளையாட்டைப் புகழ்ந்து தள்ளினார். வீடியோ கேம் ஒருநாளும் கலையாகாது என்று 2010இல் எழுதி உலகெங்கும் திட்டு வாங்கிக்கொண்டாரே, அதே ஈபர்ட்.

இசை விமர்சகர் ஒருவரை ஈர்த்த விளையாட்டில் முதலில் இசையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டுச் சத்தம் தீவின் மௌனத்தைக் கெடுத்துவிடும் என்று சகோதரர்கள் நினைத்தார்கள். ஓரிடத்தில் சோதனைக்காகச் சேர்த்துப் பார்த்தபோது அந்த இடத்துக்கு உயிர் வந்தது. அதன் பிறகே ராபின் உட்கார்ந்து மற்றவற்றுக்கும் இசை அமைத்தார். சத்தங்களைத் தேடிப் பிடித்தது கிறிஸ் பிராண்ட்காம்ப். கொதிகலனில் தீ எரியும் ஓசை, சரளைக்கல் பாதையில் மெதுவாகக் கார் ஓட்டிப் பதிந்தது.

விளையாட்டு இதழ்களும் எடுத்த எடுப்பில் மிஸ்ட்டை வெறுத்துவிடவில்லை. பின்னால் எழுதப்பட்ட கதைகளில் இது மறைந்துபோகிறது. 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' 1993 டிசம்பரிலேயே நல்ல வார்த்தை சொன்னது. அன்று சிடி-ராம் புதுசு. ஏழெட்டு ஃப்ளாப்பியில் அடங்கும் பழைய விளையாட்டை எடுத்து, மிச்ச இடத்தில் குப்பையைக் கொட்டிச் சிடியாக விற்றுக்கொண்டிருந்தார்கள். இது அந்த வகை இல்லை என்று வாசகர்களுக்கு அந்த இதழ் உறுதி கொடுத்தது. படங்களையும் ஒலியையும் எல்லோரும் மெச்சினார்கள். ஏறக்குறைய 2,500 படங்கள். ஒவ்வொன்றும் கணினி மணிக்கணக்கில் கணக்குப் போட்டு வரைந்தது. அவற்றை ஆப்பிளின் ஹைப்பர்கார்டு மென்பொருளில் சீட்டுகளாக அடுக்கியிருந்தார்கள். க்ளிக் செய்தால் ஒரு சீட்டு போய் அடுத்தது வரும்.

குறை சொன்னவர்கள் பிடித்துக்கொண்டதும் அதே சீட்டைத்தான். இது வெறும் ஸ்லைடு ஷோ என்றார்கள். முடிவில் ஒரு வாணவேடிக்கையும் இல்லை என்றார்கள். அது உண்மைதான்: சரியானவரை விடுவித்தால் அவர் நன்றி சொல்கிறார், தீவில் இஷ்டம்போல் இருந்துகொள் என்கிறார், திரும்பத் தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார். விடை தெரிந்தவர் வேண்டுமானால் நான்கு உலகங்களுக்கும் போகாமலே சில நிமிடங்களில் விளையாட்டை முடித்துவிடலாம். இத்தனை டாலருக்கு இத்தனை மணி நேரம் என்று தராசில் நிறுத்துப் பழகிய இதழ்களுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

புதிர்களைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. செலெனிட்டிக் என்ற உலகத்தில் தரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி ஒன்று உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டி நிற்கும். எந்தத் திசையில் போவதென்று நாம் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் காகிதத்தை எடுத்து வரைபடம் போட்டார்கள். ஒரு சந்திப்புக்குப் பல வழி, பார்க்க எல்லாம் ஒன்றுபோல. காகிதம் நிறைந்ததுதான் மிச்சம். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி ஒரு சத்தம் போடும். 'மெக்கானிக்கல்' என்ற இன்னொரு உலகத்தில் சுழலும் கோட்டையைத் திருப்பும்போது வடக்குக்கு ஒரு சத்தம், கிழக்குக்கு ஒரு சத்தம் என்று கேட்டிருப்போம். அதே சத்தங்கள்தான் இங்கேயும். வடகிழக்கு என்றால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். காதைத் தீட்டிக்கொண்டவர் கண்ணை மூடிக்கொண்டே வெளியே வந்துவிடலாம்.

அழகான புதிர், சந்தேகமில்லை. சங்கடம் என்னவென்றால் நான்கு உலகங்களுக்கும் எந்த வரிசையிலும் போகலாம். மெக்கானிக்கலுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தவர் அந்தச் சத்தத்தை எங்கே கற்றுக்கொள்வார்? இதை ஒரு பக்கம் வையுங்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று: அந்தச் சுரங்கப்பாதை அங்கே எதற்கு இருக்கிறது? யார் எந்த வேலைக்கு அதில் போய்வந்தார்கள்? கதை அதற்கு வாயே திறப்பதில்லை. அறைகளில் அத்தனை நுட்பமாகக் கதை சொன்னவர்கள் பூட்டுகளை மட்டும் பூட்டாகவே விட்டுவிட்டார்கள். ராத்ஸ்டைனும் கரோலும் அறைகளைப் பார்த்தார்கள். விளையாட்டு இதழ்க்காரர்கள் பூட்டுகளைப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டாமவர் சொன்னதில்தான் விஷயம் அதிகம். சொன்ன விதத்தில்தான் எரிச்சல் கலந்திருந்தது.

எரிச்சலுக்குக் காரணம் விற்பனை. மிஸ்ட் 60 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. 2002இல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை கணினி விளையாட்டுகளில் விற்பனையில் முதலிடம் அதற்குத்தான். அதே 1993இல் வந்த 'தி செவன்த் கெஸ்ட்' என்ற பேய்வீட்டுப் புதிர் விளையாட்டும் மிஸ்ட்டும் சேர்ந்துதான் வீட்டுக் கணினிகளில் சிடி டிரைவைக் குடியேற்றின என்று சொல்வார்கள். அதுவரை விளையாட்டுக் கடைப்பக்கமே போகாதவர்கள் வாங்கினார்கள். பெட்டிக்குள் குறிப்பெழுத ஒரு வெற்று நோட்டுப் புத்தகமும் இருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து, ஒருவர் மவுஸைப் பிடிக்க ஒருவர் எழுதிக்கொள்ள ஆடினார்கள். புதுக் கணினியின் பவிசை விருந்தாளிக்குக் காட்ட வாங்கி, படகுத்துறையைத் தாண்டாமலே மூடிவைத்தவர்களும் ஏராளம் என்று பழைய ஆட்டக்காரர்கள் நக்கலடித்தார்கள்.

அந்த நக்கலே ஒரு சரக்காகியது. 1996இல் 'பிஸ்ட்' என்று ஒரு கேலி விளையாட்டு வந்தது. ஃபயர்சைன் தியேட்டர் நகைச்சுவைக் குழுவின் பீட்டர் பெர்க்மன் எழுதியது. இத்தனை லட்சம் பேர் வந்துபோன தீவு எப்படி இருக்கும்? சுவரெல்லாம் கிறுக்கல், தரையெல்லாம் குப்பை, ஆத்திரத்தில் அடித்து நொறுக்கிய புதிர்கள். அந்தத் தீவின் அரசராக நடித்தவர் ஜான் குட்மன். விமர்சகர்களைச் சிரிக்கவைக்க அது அவ்வளவாகப் பயன்படவில்லை. ஆனால் நாலு பேருக்குத் தெரியாத ஒன்றை யாரும் இப்படிக் கேலி செய்வதில்லை.

நூற்றாண்டு முடியும்போது பழி இன்னும் கடுமையானது. அட்வெஞ்சர் விளையாட்டுகள் விற்காமல் போயின. லூகாஸ்ஆர்ட்ஸின் 'கிரிம் ஃபண்டாங்கோ' 1998இல் விருதுகளைக் குவித்தது, காசைக் குவிக்கவில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா படைத்த ஜோர்டன் மெக்னர் 1997இல் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' செய்தார். முதல் உலகப்போர் வெடிக்கப்போகும் நேரத்தில் பாரிஸிலிருந்து கிளம்பும் ரயில், நம்மைக் கேட்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் கடிகாரம். விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வெளியிட்டது மிஸ்ட்டின் அதே ப்ரோடர்பண்ட். ஆனால் அது போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. இதற்கெல்லாம் யார் காரணம்? மிஸ்ட்தான் என்றார்கள். மிஸ்ட்டைப் பார்த்து ஆளாளுக்குப் படம் மட்டும் அழகாக, உள்ளே ஆளில்லாமல் விளையாட்டு செய்யக் கிளம்பினார்கள். அதில் வகையே செத்துப்போனது என்பது வழக்கு.

இந்த வழக்கைக் கலைத்தவர் எரிக் வோல்பா. சேட் ஃபலிஸெக்குடன் சேர்ந்து 'ஓல்டு மேன் மரே' என்ற இணையதளத்தில் யாரையும் விடாமல் கிண்டல் செய்துகொண்டிருந்தவர். 2000இல் அவர் ஒரே ஒரு புதிரைப் பிரித்துப்போட்டார். சியராவின் 'கேப்ரியல் நைட் 3' விளையாட்டில் நாயகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு வேண்டும். அதற்கு நண்பன்போல வேஷம் போட வேண்டும். வேஷத்துக்கு மீசை வேண்டும். ஒரு கொட்டகையின் ஓட்டையில் ஒட்டுநாடாவை ஒட்டி, பூனையை விரட்டி அந்த ஓட்டை வழியே ஓடவிட்டு, நாடாவில் ஒட்டிய ரோமத்தை எடுத்து, மேப்பிள் பாகு தடவி மேலுதட்டில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது. ஆகவே அவன் பாஸ்போர்ட் படத்திலும் பேனாவால் மீசை வரைய வேண்டும். அட்வெஞ்சர் விளையாட்டை யாரும் கொல்லவில்லை, அது தானே தூக்கு மாட்டிக்கொண்டது என்பது வோல்பாவின் தீர்ப்பு. பூனை ரோமத்தைப் படித்த பிறகு மிஸ்ட்டின் சுரங்கப்பாதை பச்சைப்பிள்ளையாகத் தெரிகிறது. இதே வோல்பா பிறகு வால்வ் நிறுவனத்துக்குப் போய், 2007இல் வந்த 'போர்ட்டல்' விளையாட்டின் கதையை எழுதினார். அதுவும் ஆளில்லாக் கூடங்களில் தனியாக நடந்து புதிரை அவிழ்க்கும் விளையாட்டுத்தான்.

மில்லர் சகோதரர்கள் பூட்டுப் புகாரைக் கேட்டுத்தான் அடுத்ததைச் செய்தார்களா என்று வாதாட வரவில்லை. ஆனால் 1997இல் ஐந்து சிடிகளில் வந்த 'ரிவன்' அந்தப் புகாருக்கு வரிக்கு வரி பதில் சொல்கிறது. டிஸ்னியின் 'அலாதீன்' படத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் வாண்டர் வெண்டே வடிவமைப்பில் சேர்ந்திருந்தார். ரிவனில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். மேசைமேல் குழந்தைகளுக்கான ஒரு பொம்மை: கம்பத்திலிருந்து இரண்டு மனித உருவங்கள் கயிற்றில் தொங்குகின்றன, கீழே ஒரு கடல்மிருகம் வாயைப் பிளந்திருக்கிறது. கைப்பிடியைத் தொட்டால் நமக்குத் தெரியாத ஓர் எண் வடிவம் சுழன்று வந்து நிற்கிறது. ஓர் உருவம் அத்தனை படி கீழே இறங்குகிறது. இன்னொரு தரம், இன்னொரு எண். கடைசியில் மிருகம் ஒருவனைக் கவ்விக்கொள்கிறது. எத்தனை படி இறங்கியது என்று எண்ணிக்கொண்டே வந்தால் அந்த ஊர் எண்கள் நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் தெரியாமல் விளையாட்டை முடிக்க முடியாது. கூடவே இன்னொன்றும் தெரிந்துவிடும்: இந்த ஊரை ஆள்பவன் எப்படிப்பட்டவன், எதிர்த்தவர்களை என்ன செய்கிறான், அதை எந்த வயதிலிருந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறான் என்பது. புதிருக்கும் கதைக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

ரிவனைப் பார்த்து விளையாட்டு இதழ்களும் வாயடைத்துப்போயின என்றால் மிகையில்லை. படங்கள் மட்டுமல்ல, புதிர்களும் மெச்சப்பட்டன. கடினம் என்ற முனகல் மட்டும் கூடியது. ஓராண்டுக்குள் 15 லட்சம் பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். பெரிய எண்தான், மிஸ்ட்டுக்குப் பக்கத்தில் சின்ன எண். பொது நாளிதழ்களுக்கு மிஸ்ட் கொடுத்த அதிர்ச்சியை ரிவன் கொடுக்கவில்லை. என் கணக்கில் சயானின் தலைசிறந்த வேலை இதுதான். ஆனால் புத்தகங்களில் அத்தியாயம் கிடைப்பது மூத்ததற்கே. ராபின் இதோடு சயானை விட்டு விலகினார்.

பேராசிரியர்கள் வந்துசேர்ந்தது இந்தக் கட்டத்தில். ஜேனட் மரேயின் 'ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்' 1997இல் வந்தது, ஜே டேவிட் போல்ட்டரும் ரிச்சர்ட் குருசினும் எழுதிய 'ரிமீடியேஷன்' 1999இல். இரண்டிலும் மிஸ்ட் உண்டு. 2011இல் மார்க் ஜே. பி. வுல்ஃப் மிஸ்ட், ரிவன் இரண்டுக்கும் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். இதற்கிடையில் மிஸ்ட்டைச் சின்னத் திரைகளில் திணிக்கும் முயற்சிகள் நடந்து, நின்டெண்டோ டிஎஸ் பதிப்புக்கு விமர்சகர்கள் சாத்து சாத்தென்று சாத்தினார்கள். கடிதத்தில் இருக்கும் எழுத்தே படிக்க முடியாத திரையில் கடிதத்தைப் படித்து அவிழ்க்கும் புதிரை வைத்தால் வேறென்ன கிடைக்கும்?

2012 நவம்பரில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கென்று முதல் 14 வீடியோ கேம்களைத் தேர்ந்தெடுத்தது. பாக்-மேன், டெட்ரிஸ் இருந்த பட்டியலில் மிஸ்ட்டும் இருந்தது, போர்ட்டலும் இருந்தது. மறுநாளே லண்டன் கார்டியனில் கலை விமர்சகர் ஜொனாதன் ஜோன்ஸ் இவை கலையல்ல என்று எழுதினார். ஒரு விஷயம் கவனியுங்கள்: தேர்ந்தெடுத்த பாவோலா அந்தோனெல்லி அந்த அருங்காட்சியகத்தின் கட்டடக்கலை, வடிவமைப்புத் துறையைச் சேர்ந்தவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, இது நன்றாக வடிவமைக்கப்பட்டதா என்பது. ஜோன்ஸ் சண்டைக்குப் போனது வேறு கேள்வியோடு.

சயான் இப்போதும் அதே ஸ்போகேன் பக்கம்தான் இருக்கிறது. 2013இல் ரசிகர்களிடமே 13 லட்சம் டாலர் திரட்டி 'ஆப்டக்ஷன்' என்ற புதிய விளையாட்டைத் தொடங்கி 2016இல் வெளியிட்டது. அதே ஆண்டு ஜொனாதன் ப்ளோவின் 'தி விட்னஸ்' வந்தது: ஆளில்லாத் தீவு, எங்கும் புதிர், மிஸ்ட்டுக்குப் பட்ட கடன் வெளிப்படை. மிஸ்ட் 2021இலும் ரிவன் 2024இலும் முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டு வந்தன. இப்போது சீட்டு மாறுவதில்லை. நினைத்த இடத்துக்கு நடக்கலாம், திரும்பலாம். ஸ்லைடு ஷோ என்று திட்ட இனி வழியில்லை. புதிய மிஸ்ட்டில், வேண்டுமென்பவர்களுக்குப் புதிர்களின் விடைகளை மாற்றி மாற்றி வைக்கும் வசதியும் தந்திருக்கிறார்கள். பழைய விடைகள் இத்தனை ஆண்டில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டனவே. ரிவனின் புதுப் பதிப்பிலோ பல புதிர்களை மாற்றியே அமைத்துவிட்டார்கள். பழைய ஆட்டக்காரரும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

(அடுத்த வாரம்: மிஸ்ட் வந்து சரியாகப் பதினோரு வாரம் ஆன நிலையில், 1993 டிசம்பர் 10ஆம் தேதி, டெக்சாஸிலிருந்து சில இளைஞர்கள் இலவசமாக இறக்கிவிட்ட 'டூம்'.)